இடர்க்கால இல்லம்: எது முன், எது பின்?

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபோது, கல்லூரியின் பழைய நினைவுகளையும் சமய நுட்பங்களையும் எழுதுதற்கு என்னினும் தக்கார் பலருளர் என்றெண்ணி, அடுக்களையையும் கிணற்றடியையும் பற்றியதொரு பொருளை எடுத்துக்கொண்டேன். புயலோ வெள்ளமோ வந்து வீட்டைச் சூழுமிடத்து அங்கே எவை இருத்தல் வேண்டும், அவற்றுள்ளும் எவற்றை முதலில் தேடிவைத்தல் வேண்டும் என்பதே அப்பொருள். சிறியதெனினும், இதனை அறியாமையால் யானும் என் குடும்பத்தாரும் ஒருமுறை பட்ட பாடு சிறிதன்று.

1964 டிசெம்பரில் வீசிய சூறாவளி நமது வடபகுதியைத் தாக்கி, அக்கரையிலே தனுஷ்கோடியை அழித்துப் பயணிகளோடு சென்ற புகைவண்டியையும் கடலுக்கு இரையாக்கியது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்து, ஆயிரத்தை அண்டிய உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 நவம்பரில் 'நிஷா' யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' மலையகத்தில் மண்சரிவுகளை விளைத்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. இவை யாவும் நவம்பர், டிசெம்பர் மாதங்களிலேயே நிகழ்ந்தன. இவற்றுள் ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது, அதற்குப் பருவமில்லை. ஏனையவை ஆண்டிறுதியின் மழைக்காலத்தன. ஆதலின் ஒக்டோபர் முடியுமுன் ஆயத்தஞ் செய்வார்க்கு ஒருவாறு காலம் வாய்க்கின்றது.

எனக்கு வாய்த்த அக்காலத்தை யான் வீணாக்கிய கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன். 2008ஆம் ஆண்டு மழை வலுத்த அன்றே கடைக்கு ஓடி ஒரு மூடை அரிசியும் பருப்பும் வாங்கிவந்தேன். பாதை அடைபட்டுப் பொருள்கள் அருகியிருந்த காலமாதலின், அரிசி கிடைத்ததே பெரு வெற்றியெனக் கருதினேன். மூன்றாம் நாட் காலை, வெள்ளம் கிணற்றுக் கட்டைக் கடந்து உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. மலசலகூடக் குழியும் மாட்டுக் கொட்டிலும் அதே வெள்ளத்துள்ளேதான் நின்றன. விறகு முழுவதும் நனைந்துவிட்டது. மூடையரிசி வீட்டிலிருக்க, அதனைக் களைந்து உலையேற்ற நீருமில்லை, நெருப்புமில்லை. அம்மாவின் இரத்த அழுத்தக் குளிசைகள் அலுமாரியின் கீழ்த்தட்டிலே கூழாய்க் கிடந்தன. மறுநாள் தங்கையின் மகனுக்கு வயிற்றோட்டம் கண்டது. அயலவர் ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து தம் மரத்து இளநீர்க் குலையைக் கொணர்ந்து தந்திராவிடின் அப்பிள்ளை என்னாகியிருப்பான் என்பதை இன்றும் நினைக்க அஞ்சுகின்றேன்.

அரிசி வாங்கியது பிழையன்று. அரிசியை முதலில் வாங்கியதே பிழை. 'எது மலிவு, எது கடையில் முடிந்துவிடும்' என்று எண்ணாது, 'எது இல்லாமல் எத்துணைக் காலம் உயிர்வாழலாம்' என்று எண்ணியிருப்பின் வரிசை வேறாயிருக்கும். உணவின்றி மனிதன் வாரக்கணக்கில் உயிர்தாங்கக்கூடும். நீரின்றி மூன்று நாள் கழிப்பதே அரிது. நாள்தோறும் மருந்துண்பவர்க்கு மருந்தும் நீரைப்போன்றதே. இதனோடு மற்றொரு வினாவையும் சேர்த்துக்கொள்க: 'என் வீட்டில் முதலிற் கெடுவது எது?' நம்மவர் வீடுகளில் அரிசி சில நாட்களுக்கேனும் எப்போதுமுண்டு. முதலிற் கெடுவது கிணறே.

கிணறு இருக்கையில் நீருக்கு என்ன குறை என்பார் பலர். யாழ்ப்பாணத்தின் நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறை வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே தேங்கும் அழுக்கு விரைவிற் கீழே சேர்ந்துவிடும். வெள்ளம் கட்டைக் கடவாவிடினும், அயலிற் குழிகள் நிரம்பினாற் கிணற்று நீரை நம்பலாகாது. இன்னுமொரு குறை நம் காலத்தில் நாமே உண்டாக்கியது. துலாவும் கப்பியும் போய், மின்னாலியங்கும் பம்பும் கூரைமேற் றொட்டியும் வந்தபின், மின்சாரம் நின்றால் நீரும் நின்றுவிடுகின்றது. கயிறும் வாளியும் இல்லாத வீடுகள் பலவற்றை இன்று காணலாம். ஆதலின் இப்பட்டியலின் முதற்பொருள் பணச்செலவு மிக்க ஒன்றன்று. ஒரு நல்ல கயிறும் ஒரு வாளியுமே.

குடித்தற்கு ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் எனக் கணக்கிடின், ஐவருள்ள குடும்பத்துக்கு மூன்று நாளைக்கு 45 லீற்றர் வேண்டும். சமையலுக்கும் கைகால் கழுவுதற்கும் வேண்டுவது வேறு. மூடியுள்ள பிளாஸ்ரிக் கான்களிலும் கழுவிய சோடாப் போத்தல்களிலும் இதனை நிரப்பிவைத்தல் எளிது. மண்ணெண்ணெய், கிருமிநாசினி முதலியன இருந்த கான்களை எத்துணை கழுவினும் இதற்குக் கொள்ளலாகாது. புயலெச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் நிற்குமுன், கூரைத் தொட்டியையும் வீட்டிலுள்ள பானை, குடம், அண்டா யாவற்றையும் நிரப்பிவிடல் வேண்டும்; அந்நீர் கழுவுதற்கு உதவும்.

சேமித்தது தீர்ந்தபின் கலங்கல் நீரே கிடைக்குமாயின், அதனைத் தெளியவிட்டு, பல மடிப்பாய் மடித்த தூய துணியில் வடித்து, நன்றாகக் கொதித்தெழுந்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிடுதல் வேண்டும். கொதிக்க வைத்தற்கு எரிபொருள் இல்லையேல், சுகாதாரப் பரிசோதகர் தரும் குளோரின் வில்லைகளை அவர் சொல்லும் அளவிற் பயன்படுத்தலாம். அதுவுமில்லையேல், நிறமற்ற தெளிந்த போத்தலில் வடித்த நீரை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் இறக்கும். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீராயின், அது நேரிய கேள்வியே. முகில் மூடிய நாட்களில் இரண்டு முழு நாட்கள் வைத்தல் வேண்டும்.

கடல்நீர் புகுந்த கிணறு வேறுவகைத்து. 2004க்குப் பின் கிழக்குக் கரையோரத்திற் பலர் உவர்நீங்குமென நம்பி இயந்திரம் பூட்டி மீண்டும் மீண்டும் இறைத்தனர். அம்மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். சேற்றையும் குப்பையையும் அகற்ற அளவாக இறைத்துவிட்டு, மழைநீர் உப்பைக் கழுவும்வரை பொறுத்திருத்தலே தக்கதென நீரியலறிஞர் எடுத்துரைத்தனர்.

நீருக்கு அடுத்தது மருந்து. நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா முதலிய நோயுடையார் இல்லாத வீடு இன்று அரிது. அவர்களுக்கு ஒரு கிழமைக்கேனும் போதிய மருந்து மிகுதியாகக் கையிலிருத்தல் வேண்டும். அதனை நீர்புகா உறையிலிட்டு, மருத்துவர் எழுதிய சிட்டையின் பிரதியொன்றையும் உடன்வைத்தல் வேண்டும். பெயரறியாத 'வெள்ளைக் குளிசை'யைத் தேடி அகதிமுகாம் மருத்துவரிடம் நிற்பது யாவர்க்கும் துன்பம். இன்சுலின் இடுவோர் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டதேயென அஞ்சவேண்டியதில்லை. ஈரமணல் இட்ட மண்பானையினுள் மற்றொரு சிறு சட்டியை வைத்து, அதனுள் மருந்தை நனையாமல் மூடி நிழலில் வைத்தால் வெப்பம் தணியும். பனிக்கட்டியோடு ஒட்டவைத்து உறையவிடுதலே அதற்குக் கேடு.

வயிற்றோட்டம் கண்டார்க்கு உடனுதவுவது அடுக்களையிலேயே உண்டு. கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில், தலைதட்டிய தேக்கரண்டி ஆறு சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தல் வேண்டும். உப்பு மிகுதல் பிள்ளைகளுக்கு ஆபத்து. ஆதலின் கண்ணளவாக இடாது கரண்டியால் அளந்திடுக. இதனை யான் 2008இல் அறிந்திருக்கவில்லை.

மூன்றாவதாக, ஆவணங்கள். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, சைக்கிளில் ஏற்றியதும் தலையிற் சுமந்ததுமே உடன்வந்தன. அவ்விரவை அறிந்த முதியோர் சிலர் இன்றும் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பையிலிட்டுக் கட்டிலடியில் வைத்திருக்கக் காண்கின்றோம். இளையோர் அதனைக் கண்டு நகைப்பதுண்டு. நகையற்க; ஆயின் பையை நீர்புகாததாக்கி, கட்டிலடியினின்று உயரத்துக்கு மாற்றிக் கொடுக்க. பையின் பாரம் வீட்டில் மெலிந்தவர் ஒருவர் தூக்கி நடக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். கடல் உள்வாங்கக் கண்டபோதோ பேரலை எச்சரிக்கை கேட்டபோதோ அப்பையையும் தேடாது உயர்நிலம் நோக்கி ஓடுவதே முறை. 2004இல் சுமாத்திராவை அடுத்தெழுந்த அலை நமது கிழக்குக் கரையை அடைய இரண்டு மணித்தியாலமே எடுத்தது. அலை கண்ணிற்பட்டபின் எஞ்சியது நிமிடங்களே.

ஒளியும் நெருப்பும் செய்தியும் ஒருங்கெண்ணத்தக்கன. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு அவ்வொளியிற் படித்துப் பரீட்சை எழுதியோர் இம்மலரை வாசிப்போருள்ளும் இருப்பர். அத்திறமை போற்றத்தக்கதே, எனினும் புயலிரவில் திறந்த சுடர் வேண்டாம். பற்றரி விளக்கு ஒன்றும், பற்றரியிலியங்கும் சிறு வானொலி ஒன்றும், கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சேமகலம் ஒன்றும் போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தையும், நோயாளர் வண்டிக்குரிய 1990 என்னும் இலக்கத்தையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று; தொலைபேசி அணைந்தபின் அதனுள்ளிருக்கும் எண்களால் யாது பயன்? வாயு அடுப்பையே நம்பியிருந்தோர் 2022ஆம் ஆண்டில் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றதை மறந்திரார். ஆதலின் சிரட்டையும் பன்னாடையும் உலர்விறகும் ஒரு சாக்களவு பரணில் இருக்கட்டும். அடைத்த அறைக்குள் கரியடுப்பு எரித்தலும், மின்பிறப்பாக்கியை வீட்டினுள்ளே இயக்குதலும் உறக்கத்திலேயே உயிரைக் கொள்ளும், அந்நச்சுவாயுவுக்கு மணமில்லை.

உணவுக்கு இப்போதுதான் வருகின்றேன். அதிகம் சொல்லவும் வேண்டியதில்லை. அடுப்பின்றி உண்ணத்தக்கனவே முன்னிற்பன. அந்நிய நாட்டு நூல்கள் தகரப்பேணி உணவுகளைப் பட்டியலிடும். நம் பாட்டிமார் அவலும், வறுத்த மாவும், எள்ளுருண்டையும், புழுக்கொடியலும், பனங்கட்டியும் வைத்திருந்தனர். இவை மழைக்காலத்துக்கென்றே அமைந்தவை. கைக்குழந்தைக்கும் பல்லில்லாத முதியோர்க்கும் வேண்டியதை மாத்திரம் தனியே எண்ணிக்கொள்க.

கருவிகளுள் தறப்பாள் ஒன்று, நீண்ட கயிறு, கத்தி, மண்வெட்டி, கைவாள் ஆகியன போதும். சாய்ந்த மரத்தை அறுத்து வழிசெய்யக் கைவாள் இல்லாத ஒழுங்கையில் நோயாளர் வண்டி எப்படி நுழையும்? இவற்றை வீட்டுக்கு ஒன்றாக வாங்காது ஒழுங்கைக்கு ஒன்றாக வாங்குதலும் கூடும்.

இவ்வளவையும் ஒரே நாளில் வாங்க வேண்டுமென்பதில்லை. எச்சரிக்கை நாளில் எல்லோரும் கடைக்கு ஓடினால் அன்றாடக் கூலிக்காரர்க்கு எஞ்சுவது வெறுந்தட்டே. முதல் மாதம் மூடியுள்ள கான், அடுத்த மாதம் மருந்துப் பை, பின்பு விளக்கு என்றிவ்வாறு சேர்த்தல் சிறிய வருவாயுடையார்க்கும் இயலும். சேர்த்ததைப் பூட்டிவையாது, பழையதை வீட்டுத் தேவைக்கு எடுத்துப் புதியதை அவ்விடத்தில் வைத்துவருதல் வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு நவராத்திரியைக் குறித்துள்ளோம். கருவிகளையும் நூல்களையும் துடைத்துப் பூசைக்கு வைக்கும் நாள் அது. பெருமழையும் அதன்பின்னரே வரும். அன்று பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறத்தில் ஒட்டிய பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்புநோக்குவது பேரனின் கடமை. சென்ற ஆண்டு அவன் கண்டெடுத்தவை: காலங்கடந்த குளிசை அட்டை ஒன்று, கசிந்துபோன பற்றரி இரண்டு, கயிற்றின் நடுவே எலி கடித்த இடம் ஒன்று.