கறுப்புத் திரையில் கைவேகம்

டெர்மினல் என்பது கணினிக்கு எழுத்தால் கட்டளையிடும் சாளரம். அங்கே தட்டச்சு செய்வதைப் படித்து வேலையை நடத்துவது அதற்குள் ஓடும் ஷெல் என்ற வேறொரு மென்பொருள். லினக்ஸில் பெரும்பாலும் அது பாஷ். ஆப்பிள் கணினிகளில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் இசட்-ஷெல். எழுத்துரு, நிறம் எல்லாம் டெர்மினலின் பொறுப்பு. வேகம் கூட்டும் மாற்றங்களோ ஷெல்லின் அமைப்புக் கோப்பில்தான் செய்யப்படுகின்றன. புதிதாக வருகிறவர்கள் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே நின்றுவிடுவது வழக்கம்.

முதலில் பழக வேண்டியவை இரண்டு விசைகள். டேப் விசை பாதி தட்டிய கோப்புப் பெயரை நிரப்பித் தரும். கன்ட்ரோல்-ஆர் முன்பு கொடுத்த கட்டளைகளைத் தேடித் தரும். பாஷ் இயல்பாக 500 கட்டளைகளையே நினைவில் வைக்கும், உபுண்டுவில் 1000. அந்த எண்ணைப் பெருக்கி வைத்தால் ஆறு மாதத்துக்கு முன் பாடுபட்டுக் கண்டுபிடித்த நீளமான கட்டளையும் கைக்கு எட்டும். அடிக்கடி தட்டுவதற்கு அலையஸ் என்ற சுருக்கப் பெயர் வைக்கலாம். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருளில் எந்தக் கிளையில் வேலை நடக்கிறது என்பதைக் கட்டளை வரியின் முகப்பிலேயே காட்டச் செய்வதும் பயனுள்ளது. தவறான கிளையில் மாற்றங்களைச் சேர்ப்பது குறையும். இதற்கு மேல் அடுக்கும் அலங்காரமெல்லாம் ஷெல் திறக்கும் நேரத்தைத்தான் கூட்டும்.

டெர்மினலின் உண்மையான பலம் பைப். டக் மெக்கில்ராய் வற்புறுத்தி, 1973-இல் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸில் சேர்ந்த வசதி இது. ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாக ஊட்டும். சர்வரின் பதிவுக் கோப்பில் எந்தப் பிழை அதிகம் வருகிறது என்று பார்க்க வேண்டுமா? கிரெப் பிழை வரிகளைப் பொறுக்கும், சார்ட் வரிசைப்படுத்தும், யூனிக் எண்ணும், மறுபடி ஒரு சார்ட் பெரியதை மேலே கொண்டுவரும். தனி நிரல் எழுதத் தேவையில்லை.

கே.கே. நகர் வீட்டில் இருந்தபடி மும்பை சர்வரில் வேலை செய்பவருக்கு, தொலைவிலுள்ள கணினிக்குள் டெர்மினல் வழியாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வேண்டும். கூடவே டிமக்ஸும் வேண்டும். மழை நாளில் கரண்ட் போய் வைஃபை அறுந்தாலும், டிமக்ஸுக்குள் தொடங்கிய வேலை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். இணைப்பு வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம்.

இந்த வசதிகளுக்காகப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. பாஷ் அதிலேயே இருக்கிறது.

தமிழ் மட்டும் இன்னும் இடறுகிறது. டெர்மினல் திரை, எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற ஆங்கிலக் கணக்கில் உருவானது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். இந்த மூன்று கணக்கையும் சரியாகக் கையாளாத டெர்மினல்களில் கொம்பும் புள்ளியும் இடம்மாறித் தெரியும், கர்சர் வேறெங்கோ நிற்கும். அப்படித் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். குறை பெரும்பாலும் திரையில்தான். அதே கோப்பைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.