கிரில் கேட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கப் போறீங்களா? மூச்சு பத்திரம்!

பூ டிசைன் போட்ட கிரில் கேட், பிரம்பு நாற்காலி... பிரஷ் நுழையாத இந்த இடங்களில்தான் கையடக்க பெயின்ட் ஸ்ப்ரேயருக்கு வேலை. ஹால் சுவருக்கு ரோலரே போதும். ஸ்ப்ரேயர் என்றால் ஃபேன், ஸ்விட்ச், தரை எல்லாவற்றையும் பேப்பர் ஒட்டி மூடவே அரை நாள் ஓடிவிடும்!

கேட் பழசா? வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-மைத் தாண்டக் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் இருக்கலாம். அதனால் உப்புத்தாளால் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

எனாமலில் தின்னர் கலந்து, வடிகட்டி ஊற்றுங்கள். இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். எனாமலுக்கு ஏற்ற மெஷின்தானா என்று முதலில் கையேட்டில் பார்த்துவிடுங்கள். தின்னர் ஆவி சட்டெனத் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இல்லாத திறந்தவெளியில் மட்டுமே அடிக்கலாம். துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, கார்பன் ஃபில்டர் மாஸ்க்தான் வேண்டும்.

சுமார் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்தினால் பெயின்ட் ஒழுகாது. முடித்த கையோடு நாசிலைத் தின்னரில் கழுவிவிடுங்கள். காய்ந்துவிட்டால் அடுத்த முறை மெஷின் பீச்சாது.