அநுமதிச் சீட்டில்லாத குடிகள்

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி, உரிய அநுமதியின்றி அமெரிக்காவில் இருந்தவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்ட 104 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அந்நாட்டு ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் வந்து இறங்கியது. வழியில் அவர்களுக்குக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டியிருந்தார்கள் என்ற செய்தி கேட்டு நம் தேசத்தில் ஆத்திரம் மூண்டது இயற்கையே. நிலத்தை விற்றும் வட்டிக்கு வாங்கியும் ஏஜெண்டுகளிடம் பல லட்சம் ரூபாயைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவிலுள்ள டேரியன் காட்டைக் கால்நடையாகக் கடந்து மெக்ஸிகோ எல்லையை எட்டிய பஞ்சாப், ஹரியானா, குஜராத் வாலிபர்களின் அவலமும் நாம் அறிந்ததே. ஆயினும் அவர்கள் ஒரு பெருந்திரளின் சிறு பகுதியினர்தாம். முறையான குடியேற்ற உரிமை இல்லாமலோ, தற்காலிகப் பாதுகாப்பை மட்டும் பெற்றோ அமெரிக்காவில் வசித்தவர்கள் 2023-இல் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் என்று பியூ ஆராய்ச்சி மையம் மதிப்பிட்டிருக்கிறது. பணபலமும் படைபலமும் வாய்ந்த ஒரு சர்க்கார் இத்தனை ஜனங்கள் சட்டத்துக்குப் புறம்பாக வாழும் நிலைமைக்கு எப்படி இடங்கொடுத்தது என்பதை விளங்கிக்கொண்டால்தான், அங்கே நாற்பது வருஷங்களாக ஓயாமல் நடந்துவரும் விவாதத்தின் சாரம் நமக்குப் புலப்படும்.

அமெரிக்கக் குடியரசின் முதல் நூறாண்டுகளில் வந்தவர்களைத் தடுக்கும் மத்திய சட்டம் அநேகமாக இல்லை. தடை இல்லாத இடத்தில் மீறலும் இல்லை. 1882-இல் சீனத் தொழிலாளருக்குக் கதவடைத்த சட்டமும், 1924-இல் நாட்டுக்கு இத்தனை பேர் என்று பங்கு வகுத்து ஆசியர்களை ஏறக்குறைய அடியோடு விலக்கிய சட்டமும் வந்த பிறகே, அநுமதி பெற்றவர், பெறாதவர் என்ற பாகுபாடு வேரூன்றியது. எல்லைக் காவற்படை அமைந்ததும் அதே 1924-இல்தான். அதற்கு முந்திய வருஷம், முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், பிரஜாவுரிமைச் சட்டம் குறிப்பிட்ட வெள்ளையர் வகுப்பில் சேராதவர் என்ற காரணத்தால் பிரஜாவுரிமைக்கு அருகதையற்றவர் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இந்தியருக்கு அவ்வுரிமை 1946-இல்தான் கிடைத்தது; அப்போதும் குடியேற ஒதுக்கிய இடம் வருஷத்துக்கு 100 பேருக்கே.

மெக்ஸிகோவின் கதை வேறு. கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் பெரும் பண்ணைகளை நடத்தியவர்களுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் தேவைப்பட்டதால், 1924-ஆம் வருஷத்துப் பங்கீட்டுக்குள் அந்நாடு கொண்டுவரப்படவில்லை. 1942-இல் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட ‘பிரஸேரோ’ ஏற்பாட்டின்கீழ், 1964-இல் அது நிறுத்தப்படும் வரையில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பருவத்துக்கு வந்து அறுவடை முடித்து ஊர் திரும்புவது பல கிராமங்களில் தலைமுறை வழக்கமாகிவிட்டது. 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் கையெழுத்திட்ட சட்டம், பிறந்த தேசத்தைப் பார்த்துப் பங்கு வகுத்த பழைய அநீதியை ஒழித்தது. இந்திய டாக்டர்களும் என்ஜினீயர்களும் அமெரிக்கா செல்ல வழி பிறந்தது அதனால்தான். ஆனால் அதே சட்டம், அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வருவோருக்கு வருஷத்துக்கு 1,20,000 என்று முதன்முதலாக ஒரு வரம்பையும் கட்டிவிட்டது. பயிர் முன்போலவே விளைந்தது; ஆள் முன்போலவே வந்தான்; முதலாளியும் முன்போலவே கூலி கொடுத்தார். சட்டம் மாறியதால், நேற்றுவரை ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன் இன்று சட்டத்தை மீறியவனானான்.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க 1986-இல் ஜனாதிபதி ரீகன் காலத்தில் ஒரு சமரசச் சட்டம் வந்தது. 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தொடர்ந்து வசித்தவர்களுக்கும் பண்ணைத் தொழிலாளர் பலருக்கும் பொதுமன்னிப்பு அளித்ததால், சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வமான குடிகளாயினர். அதற்கு ஈடாக, அநுமதியற்றவரைத் தெரிந்தே வேலைக்கு அமர்த்தும் முதலாளிக்கு அபராதம் என்று விதித்தார்கள். இதை நிறைவேற்றப் பிறந்ததே ‘ஐ-9’ என்ற படிவம். வேலைக்கு வருகிறவர் ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி என்னும் பென்ஷன் திட்டத்தின் எண் பொறித்த அட்டையையும் நீட்டுகிறார். அவை மெய்யானவையாகவும் அவருக்கு உரியவையாகவும் தோன்றினால் முதலாளி கையெழுத்திட்டுவிடலாம். போலியா அசலா என்று துப்பறிவது அவர் பொறுப்பன்று; அளவு மீறித் துருவிக் கேட்டாலோ, பாரபட்சம் காட்டினார் என்று அவர் மீதே புகார் எழக்கூடும். ஆகவே கண்டும் காணாமல் இருப்பதே லாபமாயிற்று. போலி அட்டை வியாபாரம் செழித்தது. அந்த அட்டையிலுள்ள போலி எண்ணின் பேரில் சம்பளத்தில் பிடித்த தொகை பென்ஷன் நிதிக்குப் போய்ச் சேரும். உழைத்தவர் கைக்கு அது திரும்பி வராது.

எல்லைக் காவல் பலப்பட்டதன் விளைவும் விசித்திரமானது. 1993-இல் எல் பாஸோவிலும் 1994-இல் ஸான் டியேகோவிலும் காவலைக் கெட்டிப்படுத்தியதும், போக்குவரத்து அரிஸோனாப் பாலைவனத்துக்குத் திரும்பி, தாகத்தாலும் வெயிலாலும் மாண்டவர் தொகை பெருகியது. முன்பெல்லாம் பருவந்தோறும் ஊர் திரும்பியவர்கள், போனால் மீண்டும் உயிரைப் பணயம் வைத்து வரவேண்டுமே என்று அஞ்சி அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் வரவழைத்துக்கொண்டார்கள் என்பது சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி பல்லாண்டு ஆராய்ந்து கண்ட முடிவு. போதாக்குறைக்கு 1996-ஆம் வருஷத்துச் சட்டம், ஒரு வருஷமோ அதற்கு மேலோ அநுமதியின்றி இருந்தவர் வெளியேறினால் பத்து வருஷத்துக்குத் திரும்ப வரக்கூடாது என்றது. எல்லை தாண்டி வந்து அமெரிக்கப் பிரஜையை மணந்த ஒருவர், விசாவுக்காகச் சொந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகவேண்டும். போன மாத்திரத்தில் பத்து வருஷத் தடை அவரைப் பிடித்துக்கொள்ளும். விலக்குப் பெற, தம் குடும்பம் அசாதாரணமான துன்பத்துக்கு உள்ளாகும் என்று அவர் நிரூபித்தாக வேண்டும்.

விவாதத்தில் இரு தரப்பாரையும் அலட்சியம் செய்வதற்கில்லை. எல்லையைக் காப்பது எந்தத் தேசத்துக்கும் உள்ள உரிமை. மன்னிப்பு மேல் மன்னிப்பு வழங்கினால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் ஏமாளியாகிறான். வந்து குவிகிறவர்களால் ஏழைத் தொழிலாளியின் கூலி குறைகிறது என்பது ஒரு கட்சி. வேரூன்றிவிட்ட குடும்பங்களைப் பிடுங்கி எறிவது மனிதத்தன்மையன்று. அவர்கள் உழைப்பில் விளைந்ததை உண்டுகொண்டே அவர்களைக் குற்றவாளிகள் என்பது நியாயமன்று என்பது மறு கட்சி. கூலியைப் பற்றிப் பொருளாதார நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. 1980-இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களுக்குள் படகேறி வந்து, அவர்களில் பெரும்பாலோர் மயாமி நகரில் தங்கியபோது, உள்ளூர்க் கூலி அதனால் பெரிதும் பாதிக்கப்படவில்லை என்றார் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்ட். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களின் கூலி வெகுவாகச் சரிந்தது என்று அதே சம்பவத்தை மறுபடி ஆராய்ந்து வாதிட்டார் கியூபாவிலேயே பிறந்த ஜார்ஜ் போர்ஹாஸ்.

எனினும் இரு கட்சியாரும் சந்திக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. எல்லைக் காவல், சட்டபூர்வமான வேலை விசா, நெடுங்காலம் வசித்தவருக்குப் பரிகாரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைப்பதே அது. அதற்காக 2007-இல் ஜனாதிபதி புஷ் ஆதரித்த மசோதா செனட்டில் வீழ்ந்தது. 2013-இல் மற்றொரு மசோதா செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியும், பிரதிநிதிகள் சபையில் விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. 2024 பிப்ரவரியில் இரு அரசியல் கட்சிகளின் செனட்டர்களும் சேர்ந்து வகுத்த எல்லைக் காவல் மசோதாவும், தேர்தல் வருஷத்து அரசியலில் சிக்கி மடிந்தது. பிள்ளைப் பிராயத்தில் அழைத்து வரப்பட்டவர்களுக்காக 2012-இல் ஜனாதிபதி ஒபாமா அறிவித்த தற்காலிக நிவாரணம் எட்டு லட்சம் பேருக்கு மேல் பயன்பட்டதென்றாலும், அது சட்டமாகாமல் நிர்வாக நடவடிக்கையாகவே நின்றதால் வழக்குக்கு மேல் வழக்காக இழுபட்டு வருகிறது.

இத்தனை ஆரவாரத்தில் பலர் மறந்துவிட்ட பழைய விதி ஒன்று அமெரிக்கச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. வந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்து தொடர்ந்து வசித்து, நன்னடத்தை உள்ளவராக இருந்தால், நிரந்தரக் குடியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 1929-இல் வகுத்த ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் விதியே அது. முதலில் 1921 ஜூன் 3 என்றிருந்த தேதியைப் பிற்பாடு 1924-க்கும், 1940-க்கும், 1948-க்கும், 1986-இல் 1972 ஜனவரி 1-க்கும் நகர்த்தினார்கள். அதன்பின் அது நகரவில்லை. இன்று அவ்விதியால் பயனடைய வேண்டுமானால், ஒருவர் ஐம்பது வருஷங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நிலையான தேதியை விட்டுவிட்டு ஏழு வருஷ வாசமே போதும் என்று மாற்ற 2022-இல் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

நேர்வழியில் காத்திருப்பவர்கள் நிலைமையும் மெச்சத்தக்கதன்று. உத்தியோகத்தின் பேரில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், அதாவது நிரந்தரமாக வசிக்கும் அநுமதிகள். அவற்றில் தனித் தேர்ச்சி வேண்டாத வேலைகளுக்கு, தொழிலாளரின் குடும்பத்தாரையும் சேர்த்து, 10,000-க்கு மேல் கிடையாது. எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழு என்ற உச்சவரம்பு வேறு இருப்பதால், எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் சென்ற நம்மவர்கள் தலை நரைக்கும் வரை வரிசையில் நிற்கிறார்கள். படித்தவனுக்கே இந்தக் கதி என்றால், தக்காளி பறிப்பவனுக்கு வரிசை என்று ஒன்று ஏது?

எல்லையைக் காப்பதில் தவறில்லை; நுழைந்தவரெல்லாம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று சொல்லவும் எந்த நாட்டாலும் இயலாது. ஆனால் உழைப்பை வாங்கிக்கொண்டு உழைப்பவனை மட்டும் மறுக்கும் சட்டம், எத்தனை விமானங்களை அனுப்பினாலும் தன் நோக்கத்தை அடையப்போவதில்லை. தேவைக்கேற்ப வேலை விசாவைப் பெருக்கி, பொய்க் கையெழுத்தால் லாபமடையும் முதலாளியை உள்ளபடியே தண்டித்து, நின்றுபோன தேதியைக் காலத்துக்கேற்ப நகர்த்துவதுதான் அமெரிக்கக் காங்கிரஸ் செய்யவேண்டிய காரியம். நம் வாலிபர்களுக்குச் சொல்லவேண்டியது இன்னும் எளிது: ஏஜெண்டு காட்டும் காட்டுவழியின் முடிவில் காத்திருப்பது நல்வாழ்வன்று, பெரும்பாலும் கடனும் தடுப்புக் காவலுமே. காலடி நிலத்தை விற்குமுன் இதை யோசித்துப் பாருங்கள்.