அரபு நாட்டில் நெல் விளைந்தது ஏன்?

உமறுப்புலவர் நபிகள் நாயகத்தைப் பாடிய காப்பியமான சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தைத் திறந்தால் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது. மேகம் நீர் முகந்து மலையில் பொழிகிறது. வெள்ளம் இறங்கி வயல்களில் பாய்கிறது. உழவர் ஏர் பூட்ட, பெண்கள் நாற்று நட, நெல் விளைகிறது. அரபு நாடு பெரும்பாலும் பாலை என்பது உமறுப்புலவருக்குத் தெரியாதது அல்ல. அவர் பழகிய கீழக்கரை மரக்காயர்கள் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். அவருக்கு ஆதரவளித்த வள்ளல் சீதக்காதியே பெரிய கப்பல் வணிகர். நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லித்தர அவர் நாடியதாக மரபு குறிப்பிடும் சதக்கத்துல்லா அப்பா, அரபு மொழியில் பேரறிஞர். ஆகவே உமறு தெரிந்தேதான் அங்கே நெல்லை விளைவித்தார்.

ஏன் விளைவித்தார்? தமிழ்ப் பாடநூல்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் விடை, காப்பிய மரபு அப்படி என்பது. கம்பன் கோசலத்துக்குச் செய்ததை உமறு அரபு நாட்டுக்குச் செய்தார் என்பார்கள். இது சரிதான், ஆனால் பாதி விடை. நபி பிறக்கப்போகும் மண் இறையருள் இறங்கிய மண் என்பதைத் தமிழ்க் கேட்போர் நெஞ்சில் பதிய வைக்க வேண்டும். மழையையும் விளைச்சலையும் அருளின் அடையாளமாகக் கண்ட மக்களிடம் அதை வேறு எப்படிச் சொல்வது? சீறாவின் இந்தத் தமிழ் நிலக்காட்சியை ஆராய்ந்து எழுதிய வசுதா நாராயணன் போன்ற அறிஞர்கள் அதை வெறும் அலங்காரமாகத் தள்ளிவிடவில்லை. உமறு செய்தது ஒரு விளக்கவுரை என்றே நான் படிக்கிறேன். அவர் உரைநடைக்குப் பதில் வயலைக் கொண்டு உரை எழுதினார்.

இப்படிப் படிக்க இரண்டு தரப்பு நம்மை விடுவதில்லை. தர்கா, கந்தூரி விழா, மவ்லிது ஓதல் எல்லாமே பித்அத், பின்னாளில் நுழைந்த அழுக்கு, அதைக் கழுவினால்தான் அசல் இஸ்லாம் தெரியும் என்பது ஒரு தரப்பு. மற்றொரு தரப்பு நல்லெண்ணம் கொண்டது. நாகூரைப் பாருங்கள், எவ்வளவு அழகான கலப்பு, என்ன நல்லிணக்கம் என்று அது மகிழும். முதல் தரப்பை மறுக்கவே இரண்டாவது தரப்பு பேசுகிறது. ஆனாலும் அடிப்படையில் இருவரும் ஒன்றையே நம்புகிறார்கள். அசல் இஸ்லாம் வேறெங்கோ இருக்கிறது, இங்கே இருப்பது அதில் தண்ணீர் கலந்த வடிவம் என்பதே அந்த நம்பிக்கை. ஒருவர் அதற்காகக் கோபப்படுகிறார், மற்றவர் அதைப் பாராட்டுகிறார். இரண்டிலும் சதக்கத்துல்லா அப்பாவும் உமறும் சிந்தித்தவர்களாகத் தெரிவதில்லை, கலந்தவர்களாகவே தெரிகிறார்கள். இந்த அநியாயம் என்னை உறுத்துகிறது.

ஆய்வுலகமும் இதே குழியில் நெடுங்காலம் கிடந்தது. 1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜாவாவின் பாரே ஊரில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1960இல் வெளியிட்ட நூலில் ஜாவா மக்களை மூன்றாகப் பிரித்தார். அதில் கிராமத்து ‘அபாங்கான்’ பிரிவினர் பெயரளவில் முஸ்லிம்கள், உள்ளே பழைய சமயத்தார் என்ற எண்ணம் நிலைத்தது. 1989இல் மார்க் வுட்வர்ட் அதைத் தலைகீழாக்கினார். ஜாவாவின் சடங்குகளில் கீர்ட்ஸ் இந்து என்றும் பழங்குடி என்றும் கண்டவற்றில் பலவற்றுக்கு வேர் சூஃபி நூல்களில் இருக்கிறது என்று காட்டினார். இதற்கிடையே 1986இல் தலால் அசத் எழுதிய ஒரு கட்டுரை கேள்வியையே மாற்றிவிட்டது. இஸ்லாம் என்பது அட்டவணையிடத்தக்க நம்பிக்கைகளின் மூட்டை அல்ல, குர்ஆனையும் ஹதீஸையும் முன்வைத்துத் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வாதத்தின் மரபு என்றார் அவர். எது சரியான நடைமுறை என்று தீர்ப்புச் சொல்வதில் அதிகாரமும் சேர்ந்தே இயங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கடைசிக் குறிப்பைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வரிசையில் மிகத் துணிச்சலான நூல் ஷஹாப் அகமதுடையது. பாகிஸ்தானியப் பெற்றோருக்குச் சிங்கப்பூரில் பிறந்து, ஹார்வர்டில் கற்பித்த அவர், 2015 செப்டம்பரில் 48 வயதில் இறந்தார். ‘இஸ்லாம் என்றால் என்ன?’ என்ற அவருடைய பெருநூல் அதன் பிறகுதான் கடைக்கு வந்தது. பால்கன் நாடுகள் முதல் வங்காளம் வரை, 1350 முதல் 1850 வரை வாழ்ந்த முஸ்லிம்களை எடுத்துக்கொண்டு அவர் சங்கடமான கேள்விகளை அடுக்குகிறார். கிரேக்கத் தத்துவத்தில் ஊறிய இப்னு சீனா, உள்ளவை யாவும் ஒரே உள்ளமையின் வெளிப்பாடு என்ற பார்வைக்கு ஊற்றான இப்னு அரபி, மதுவும் காதலுமாகப் பாடிய ஹாஃபிஸ், உருவம் தீட்டிய ஓவியர்கள் எல்லாரும் அந்த முஸ்லிம்களுக்கு ஓரத்து மனிதர்களா? ஹாஃபிஸின் கவிதைத் தொகுதி படித்த முஸ்லிம் வீடுகளில் மனப்பாடமாக இருந்த நூல். சட்டம் தடுத்த மதுவே கவிதையில் இறைக்காதலின் உயர்ந்த குறியீடாக நின்றது. இதில் முரண் உண்டு. அந்த முரணைத் தாங்கிக்கொண்டே வாழ்ந்தவர்களும் முஸ்லிம்கள்தானே என்கிறார் ஷஹாப்.

அவருடைய விடை இப்படிப் போகிறது. இறைவெளிப்பாடு மறைநூலோடு முடிவதில்லை. அந்த நூல் எந்த உண்மையிலிருந்து இறங்கியதோ, அந்த உண்மை அதற்கு முன்னும் அப்பாலும் நிற்கிறது. தத்துவ அறிஞரும் சூஃபியும் அறிவாலோ அனுபவத்தாலோ அதை நேரே தேடுகிறார்கள். மூன்றாவதாக, வெளிப்பாட்டோடு உறவாடி முஸ்லிம்கள் காலங்காலமாக உண்டாக்கிய பொருளுலகம் ஒன்று இருக்கிறது. கவிதை, சடங்கு, கட்டடம், சொல்வழக்கு எல்லாம் அதற்குள் அடங்கும். இந்த மூன்றில் எதனோடு உறவாடிப் பொருள் தேடினாலும் அது இஸ்லாமியத் தேடலே. ஆகவே ‘மதம்’ ஒரு பக்கம், ‘பண்பாடு’ மறு பக்கம் என்று கத்தி வைத்து வெட்ட முடியாது.

இதைப் படிக்கையில் சீறாவின் வயல்கள் என் கண்ணில் விரிந்தன. கூடவே ஒரு வருத்தமும் வந்தது. ஷஹாபின் வரைபடம் வங்காளத்தோடு நின்றுவிடுகிறது. பாரசீகம் படித்த அரசவைகளின் உலகம் அது. காயல்பட்டினமும் நாகூரும் மலாக்காவும் ஜாவாவும் அதற்கு வெளியே. இவ்வளவு பெரிய நூலில் கடலுக்கு இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கடலைத் திறந்து காட்டியவர் ரோனித் ரிச்சி. ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் 2011இல் வெளியிட்ட நூல் ஒரே ஒரு கதையைப் பின்தொடர்கிறது. இப்னு சலாம் என்ற யூத அறிஞர் நபியிடம் வந்து படைப்பு, சொர்க்கம், நரகம் எனக் கேள்விமேல் கேள்வி கேட்டு, விடைகளால் நிறைவுற்று இஸ்லாத்தை ஏற்கும் கதை அது. 12ஆம் நூற்றாண்டிலேயே லத்தீனுக்குப் போன இந்தக் கதை, 1572இல் வண்ணப்பரிமளப் புலவரால் ‘ஆயிர மசலா’வாகத் தமிழில் வந்தது. ‘அதிசய புராணம்’ என்றும் அதற்குப் பெயர். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் இதுவே மிகப் பழையது என்பர். மலாயில் அதே கதை உரைநடை ‘ஹிகாயத்’தாகவும், ஜாவாவில் பாடும் யாப்பிலும் நடந்தது. ஜாவாவின் பிற்கால வடிவங்களில் கேள்விகள் மறைஞானத்தின் பக்கம் திரும்பிவிட்டன. சம்ஸ்கிருதம் ஒரு காலத்தில் ஆசியாவின் பெரும்பகுதியை ஓர் இலக்கிய உலகமாகக் கோத்ததுபோல, அரபும் இந்தக் கரைகளைக் கோத்தது என்கிறார் ரிச்சி. நாகை மாலுமிக்கும் ஜாவா கிராமத்து ஓதுவோருக்கும் பொதுவாக ஒரு நூலகம் இருந்தது என்பதை நினைக்கவே மனம் நிறைகிறது.

இந்தச் சித்திரத்தையும் வெறும் இணக்கமாக வரையக் கூடாது. மலாய்க் கவி ஹம்ஸா பன்சூரி இப்னு அரபியின் வழியில் பாடியவர். குஜராத்தின் ராந்தேரிலிருந்து 1637இல் அச்சே சென்ற நூருத்தீன் ராணீரி, அந்தக் கருத்துகளை வழிகேடு எனத் தீர்ப்பளித்தார். நூல்கள் எரிக்கப்பட்டன. ராணீரியும் சூஃபிதான். எனவே உள்ளமை ஒன்றா, படைத்தவனும் படைப்பும் வேறுவேறா என்ற வழக்கு இந்தக் கடற்கரைகளுக்குப் புதிதல்ல. அண்மைக்காலத்தில் யாரோ இறக்குமதி செய்ததும் அல்ல. வாதிட்டவர்கள் இருபக்கமும் கற்றவர்கள்.

நம் பக்கத்தில் அந்த வாதம் பாட்டாக நடந்தது. 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு மனோன்மணியைக் காதலியாக அழைத்து ஏங்கிப் பாடினார். சித்தர் மரபிலிருந்து கடன் வாங்கினார் என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். இப்னு அரபி மக்காவில் நிஸாம் என்ற பெண்ணை முன்னிட்டுக் காதல் கவிதைகள் எழுதி, பழி வந்தபோது அவற்றுக்குத் தாமே ஞான உரையும் எழுதினார். அரூபமான ஒன்றைப் பெண்ணுருவில் காதலிப்பது சூஃபிகளின் நெடிய வழி. மஸ்தான் அந்த வழியில் நடந்து, தமிழ் யோகியர் ஏற்கெனவே மனோன்மணி எனப் பெயரிட்டிருந்த ஓரிடத்தை அடைந்தார் என்று படித்தால் என்ன? அப்போது அவர் கடன் வாங்கியவர் ஆக மாட்டார். இரு மரபுகளும் ஒரே கேள்வியைக் கேட்டன என்று கண்டு சொன்ன தத்துவக் கவிஞர் ஆவார்.

அசத் சொன்ன அதிகாரம் இங்கேதான் வருகிறது. ‘ஞானப்புகழ்ச்சி’ பாடிய சூஃபி பீர்முகம்மது அப்பாவின் தக்கலையைச் சேர்ந்தவர் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல். சூஃபி மரபையும் வட்டார முஸ்லிம் வாழ்வையும் பின்நவீனத்துவப் பார்வையோடு எழுதியவர். நபிமார்களில் ஏன் ஒரு பெண் இல்லை என்று கேட்ட ‘மைலாஞ்சி’ தொகுப்பு 2000இல் எதிர்ப்பைச் சந்தித்தது. இஸ்லாமியச் சமூகங்களில் மதுப் பழக்கம் பற்றி ஓர் இதழில் எழுதிய கட்டுரைக்காக 2007இல் ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. எட்டு ஆண்டுகள் கழித்து ஷஹாபின் நூலும் மதுவைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்கியது. அதை உலகப் பல்கலைக்கழகங்கள் கொண்டாடின. ஒரே கேள்வியை ஹார்வர்டில் கேட்பதும் தக்கலையில் கேட்பதும் ஒன்றல்ல. ரசூல் 2017இல் மறைந்தார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். ஆனால் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது, அவர் கேட்ட இடம் அந்த மரபின் உள்ளேதான்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2015 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் நஹ்தத்துல் உலமா அமைப்பு ஜோம்பாங்கில் கூடி ‘இஸ்லாம் நுசாந்தாரா’ என்பதைத் தன் மாநாட்டுப் பொருளாக்கியது. தீவுகளின் மண்ணில் வேர்விட்ட இஸ்லாம் என்ற அந்தக் கருத்தில் எனக்கு ஈர்ப்பு உண்டு. அதை அரசுகள் கையிலெடுத்தால், சாந்தமான உள்ளூர் முஸ்லிம் நல்லவர், மற்றவர் சந்தேகத்துக்குரியவர் என்ற முத்திரையாக மாறிவிடும். நம் ஊர் நல்லிணக்க மேடைகளிலும் அந்தத் தொனி கேட்கிறது.

இந்த முத்திரைகளைத் தாண்ட நூல்களுக்கே திரும்ப வேண்டும். தமிழில் இஸ்லாமிய நூல்களைத் திரட்டும் பணியை இலங்கையின் ம.மு. உவைஸ் போன்றோர் வாழ்நாள் முழுதும் செய்தார்கள். பி.மு. அஜ்மல்கானோடு அவர் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக நிற்கிறது. இப்போது தேவைப்படுவது உள்ளே புகுந்து படிக்கும் உரைகள். தமிழ்த் துறைகளில் பெரும்பாலும் அரபு கற்பிப்பதில்லை. அரபுக் கல்லூரிகளில் தமிழ்ச் செய்யுள் கற்பிப்பது அரிது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழைத் தடையின்றிப் படிப்போர் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓர் ஆலிமும் ஒரு தமிழாசிரியரும், இப்னு அரபியும் திருமந்திரமும் பக்கத்தில் இருக்க, ‘ஞானப்புகழ்ச்சி’யை வைத்துக்கொண்டு சில ஆண்டுகள் சேர்ந்து உட்கார வேண்டும். தக்கலையில் ஆண்டுவிழா இரவில் அதை ஓதிவரும் மூத்தவர்களிடம் பாட்டுக்குப் பாட்டு பொருள் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்தே அவர்கள் தொடங்கலாம்.