நகரும் சுவர்கள்

சுவர் என்றால் அசையாதது என்பதே நம்மவர் எண்ணம். ஒரு முறை எழுப்பிவிட்டால், இடித்தாலன்றி அது இடம் பெயராது. ஜப்பான் தேசத்திலோ பல நூற்றாண்டுகளாகச் சுவர்கள் காலையில் ஒதுங்கி, இரவில் திரும்பி வருகின்றன! அந்நாட்டு மரவீட்டில் கூரையின் பாரத்தைத் தாங்குவன தூண்களும் உத்தரங்களுமே. தூணுக்கும் தூணுக்கும் நடுவே நிற்பது பாரம் சுமக்காத தடுப்பு. அதை அகற்றினால் கூரைக்கு யாதொரு தீங்கும் நேராது.

இத்தடுப்புகளில் முக்கியமானவை மூன்று. மெல்லிய சட்டங்களைக் கட்டம் கட்டமாகக் கோத்து, மரப்பட்டை நாரினாலான வெள்ளைக் காகிதத்தை ஒட்டினால் அது 'ஷோஜி'. வெளிச்சம் அதனூடே வரும். அயலார் பார்வை வராது. இருபுறமும் தடித்த காகிதமோ துணியோ போர்த்து, அறைகளுக்கு நடுவே நிறுத்துவது 'ஃபுஸுமா'. கானோ பரம்பரைச் சித்திரக்காரர்கள் இவற்றின்மீது பைன் மரங்களையும் பறவைகளையும் தீட்டிப் புகழ் பெற்றார்கள். மூன்றாவதாகிய 'பியோபு' மடக்குத் திரை. வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்லலாம்.

முதலிரண்டும் நகரும் விதம் மிக எளிது. மேல் உத்தரத்திலும் கீழ்க்கட்டையிலும் பள்ளம் வெட்டியிருக்கும். மேற்பள்ளம் சற்று ஆழம் அதிகம். கதவைச் சிறிது உயர்த்தினால் அடிப்பாகம் விடுபட்டுக் கையோடு வந்துவிடும். ஆணியில்லை, கீலில்லை. விசேஷ தினத்தில் நான்கு கதவுகளை எடுத்து வைத்தால் இரண்டு அறைகள் ஒரே கூடமாகின்றன. கோடையில் இவற்றுக்குப் பதிலாக நாணல் தட்டிகளைப் பொருத்துவதும் உண்டு. வீடு கட்டுகிறவன் கோடையையே மனத்தில் கொள்ள வேண்டும் என்று கென்கோ என்னும் துறவி 14-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். சேலத்து வெயிலை அறிந்தவர் எவர்தாம் இதை மறுப்பார்?

இம்முறை நம் நாட்டுக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்குப் புதுச்சேரியில் விடை இருக்கிறது. அரவிந்தாசிரமத்தின் விடுதியாகிய 'கோல்கொண்டே' என்னும் கட்டடமே அது. ஹைதராபாத் திவான் ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் வந்த பொருளுதவியை நினைந்து இட்ட பெயர் அது. அதற்குத் திட்டமிட்ட அந்தோனின் ரேமண்ட் 1919-இல் ஜப்பானுக்குச் சென்று, அந்நாட்டுத் தச்சர்களின் கலையைக் கற்றவர். உடனிருந்து கட்டியவர்களுள் ஒருவர் ஜப்பானிய வமிசத்து அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. 1937-இல் ஆரம்பித்த வேலை, உலக யுத்தம் குறுக்கிட்டும் 1940-களில் நிறைவுற்றது.

கட்டடம் கான்கிரீட்டினாலானது. ஆனால் அதன் நீண்ட இரு பக்கங்களிலும் மூடிய சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய தகடுகளே வரிசையாக உள்ளன. வெயில் ஏறினால் சாய்க்கலாம். கடற்காற்று வீசினால் திறக்கலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. மூடியிருக்கும்போதும் காற்று அதனூடே நுழையும், கண் நுழையாது. காகிதம் இல்லை, ஆயினும் ஜப்பானியக் கருத்து அங்கே குடிகொண்டிருக்கிறது.

எங்கள் அம்மாபேட்டை நெசவாளர் பேட்டை. குழித்தறி போட்ட சிறு வீட்டில், தறி போக எஞ்சிய இடத்தில்தான் உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும். மகனுக்கு மணமானதும் நடுவே செங்கற்சுவர் எழுப்புகிறார்கள். அன்றோடு பின்பாதி இருண்டு, காற்றும் நின்றுபோகிறது. அறுந்த இழையைத் தேடும் கண்ணும், பாடம் படிக்கும் கண்ணும் அவ்விருளில் வருந்துகின்றன. மறைவு வேண்டியது இரவிலும், பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் நாட்களிலும்; அதற்காக ஆண்டு முழுவதும் வெளிச்சத்தை இழக்கலாமா?

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். காகிதத் தடுப்பு ஓசையைத் தடுக்காது, எளிதில் தீப்பற்றும். நம் ஊர்க் கறையானும் எலியும் அதை விட்டுவைக்கப் போவதில்லை. அடுப்படிக்கு அது உதவாது. ஆனால் காகிதந்தான் வேண்டும் என்று யார் சொன்னது? மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் நம் முன்னோர் அறியாதவையல்ல. ஓர் எளிய மரச்சட்டத்தில் கைத்தறித் துணியை இழுத்துக் கட்டினால் மறைப்பு ஆயிற்று. துணி அழுக்கானால் துவைக்கலாம், கிழிந்தால் மாற்றலாம். ஊருக்கெல்லாம் சேலை நெய்து தரும் கை, தன் வீட்டுக்கு ஒரு திரை நெய்ய எத்தனை நாளாகும்?

கொத்தனாரை அழைக்குமுன் ஒரு முறை தச்சரையும் கலந்து பாருங்கள். வீட்டைப் பிரிப்பது அவசியமாகலாம். வெளிச்சத்தைப் பிரிக்க வேண்டியதில்லை.