உங்களுக்குத் தெரியுமா? கலைத்துப் போட்டுப் படிக்கும் நாவல்!

புத்தகம் என்றால் அட்டை, முதுகு, தையல் எல்லாம் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1969-ல் லண்டனில் வெளியான 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' நாவலுக்கு இதெல்லாம் கிடையாது. வெறும் பெட்டிதான்!

திறந்தால் 27 தனித்தனிக் கட்டுகள். 'முதல்', 'கடைசி' என்று இரண்டில் மட்டும் குறிப்பு இருக்கும். மிச்சம் 25-ஐயும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, கைக்கு வந்த வரிசையில் படிக்கலாம். எழுதிய பி.எஸ். ஜான்சனே அப்படிச் சொல்லிவிட்டார்!

எத்தனை விதமாகப் படிக்கலாம்? கணக்குப் போட்டே பார்த்துவிட்டோம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1,55,11,21,00,43,33,09,85,98,40,00,000. மொத்தம் 26 இலக்கம்! நொடிக்கு ஒரு வரிசை என்று அடுக்கினாலும், பிரபஞ்சத்தின் வயதைப்போல மூன்றரைக் கோடி மடங்கு காலம் ஆகும்!

ஒரு கட்டு 12 பக்கம். இன்னொன்றில் ஒரே ஒரு பத்தி!

ஜான்சன் 'அப்சர்வர்' பத்திரிகைக்குக் கால்பந்து ரிப்போர்ட் எழுதியவர். மேட்சுக்காக ஓர் ஊருக்குப் போய் இறங்கியதும், புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவு சூழ்ந்துகொண்டது. அதுதான் கதை. சரி, அந்த மேட்ச் ரிப்போர்ட் எங்கே? பெட்டியின் உள்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது!

1973-ல் ஹங்கேரியில் மொழிபெயர்த்தார்கள். பெட்டி செய்யக் காசு இல்லை! சாதாரணப் புத்தகமாகவே தைத்துவிட்டார்கள். ஜான்சன் விட்டாரா? ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு சின்னம். அதே சின்னங்கள் கடைசியில் ஒரு பக்கத்தில். வெட்டி எடுங்கள், குலுக்குங்கள், வந்த சின்னத்தைப் படியுங்கள்!

இவர் 1964-லேயே ஆளைக் காட்டியவர். 'ஆல்பர்ட் ஏஞ்சலோ' நாவலின் தாளில் நிஜமாகவே ஓட்டை போட்டார். அதன் வழியே எட்டிப் பார்த்தால், பின்னால் வரப்போகும் ஒரு கத்திக்குத்து தெரியும். ஐயோ, யாருக்கு என்று பதறிப் புரட்டினால்... 1593-ல் செத்துப்போன நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவுக்கு! ஆஸ்திரேலியச் சுங்க அதிகாரிகளோ, ஆபாசத்தைத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் புத்தகத்தையே பிடித்து வைத்துக்கொண்டார்கள்!

ஆனால் பெட்டி யோசனையில் ஜான்சன் முந்தவில்லை. பிரான்சில் மார்க் சபோர்த்தா 1962-லேயே 'காம்போசிஷன் நம்பர் 1' என்று 150 உதிரித் தாள்களைப் பெட்டியில் போட்டு விற்றுவிட்டார். அதன் வரிசைகளை எண்ணினால் 263 இலக்கம்! அதை இங்கே அச்சிட்டால் இந்தப் பகுதியில் வேறெதற்கும் இடமிருக்காது.

ஜான்சன் 1973-ல், 40 வயதிலேயே போய்விட்டார். பெட்டி மறுபடி வந்தது 1999-ல். அவரைப் பற்றி ஜொனாதன் கோ எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்கு 2005-ல் கிடைத்த பரிசு மட்டும் 30,000 பவுண்டு!

பழைய புத்தகக் கடையில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் 27 கட்டும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள்!