ஊரில் உணவு இருக்க, யாரும் பசித்திருக்க வேண்டாம்

திண்டுக்கல் - திருச்சி நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்களுக்கு அய்யலூர் தக்காளிச் சந்தை தெரிந்திருக்கும். வரத்து கூடி விலை சரிகிற நாட்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுப்படியாகாமல், விவசாயிகள் பெட்டி பெட்டியாகத் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். முகூர்த்த நாட்களில் மண்டபங்களின் பின்கட்டில் அண்டா அண்டாவாகச் சாதம் மீந்துபோகிறது. அதே ஊர்களில், கூலி வேலை கிடைக்காத வாரத்தில் உலை வைக்க யோசிக்கிற குடும்பமும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு ஒருவேளைக் கஞ்சியோடு படுத்துக்கொள்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். விளைந்ததும் சமைத்ததும் பசித்தவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சேர்ப்பதற்குச் சட்டம் ஒரு வழி தருகிறது. ஊர் கூடினால் இன்னொரு வழி பிறக்கும்.

முதலில் உரிமை

இலவச அரிசியைச் சலுகை என்று நினைப்பவர்கள் இன்னும் பலர். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா அன்ன யோஜனா அட்டைக்கு 35 கிலோ என்று அந்தச் சட்டம் அளவு சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை தாய்மார்களுக்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அங்கன்வாடி வழியாக உணவு தர வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் இதே சட்டத்தின் உரிமை. இவற்றைத் தர முடியாமல் போனால், ஈடாகப் பணமாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் உண்டு. அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டே மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகளில் வேலை செய்கிற வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சொந்த மாநில அட்டையில் தங்களுக்கு உள்ள தானியத்தை அவர்கள் இங்குள்ள ரேஷன் கடையிலேயே வாங்கலாம். பக்கத்து அறையில் இருப்பவரிடம் இதைச் சொல்வதே பெரிய உதவி.

தடங்கல் வந்தால் யாரிடம் போவது?

கடைக்கே போகாத நாளில் ‘பொருள் வாங்கிவிட்டீர்கள்’ என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருவது பலரும் சொல்லும் குறை. அதை அழித்துவிடாதீர்கள், உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான். எடை குறைவு, ‘சரக்கு வரவில்லை’ என்ற பதில், கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்புவது ஆகியவையும் புகாருக்கு உரியவைதான். வயலிலும் ஆலையிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாதது அவர்கள் குற்றமல்ல. கைரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவு வழியாகப் பொருள் கேட்கலாம். ஆதார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கடைக்கு நடந்து போக முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்டது. உங்கள் தெருவில் அதற்குத் தகுதியுள்ளவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.

புகாருக்கு 1967 அல்லது 1800-425-5901 என்ற கட்டணமில்லா எண்கள் உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கிறது. அய்யலூர்க்காரர்களுக்கு வேடசந்தூர் வட்டம். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் ஆகியவற்றையும் அங்கே கேட்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்டக் குறைதீர் அலுவலர், அதற்கு மேல் மாநில உணவு ஆணையம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றித் தராத ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இடம் தருகிறது. வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

உணவு வங்கி எப்படி இயங்குகிறது?

அட்டை இல்லாதவர், வழிப்போக்கர், மருத்துவமனை வாசலில் கிடப்பவர், சமைக்கத் திராணி இல்லாதவர் என்று சட்டத்தின் கை எட்டாத பசியும் உண்டு. அங்கேதான் ஊர் வேண்டும். ஊர் மக்களின் அரிசியும் காயும் கொண்டு பசித்தவருக்குச் சோறிடும் வேலையை வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூர் சத்திய தருமச்சாலையில் தொடங்கினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1967-இல், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் கடைகளில் வீணாகும் உணவைச் சேர்த்துப் பகிரும் முதல் உணவு வங்கியை உருவாக்கினார்.

நம் பக்கத்தில், கோயம்புத்தூரில் பத்மநாபன் கோபாலன் 2014-இல் ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார். கல்யாணத்திலும் விருந்திலும் உணவு மீந்தால் தொலைபேசியில் தகவல் வரும். தன்னார்வலர்கள் வண்டியோடு போய், உணவைச் சோதித்து எடுத்து, பசித்தவர்கள் இருப்பதாக முன்பே குறித்துவைத்திருக்கும் இடங்களில் கொடுக்கிறார்கள். சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் ‘ஐயமிட்டு உண்’ என்ற பொதுக் குளிர்பெட்டி வைக்கப்பட்டது. இருப்பவர் வைக்கலாம், இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் அடிப்படை ஒன்றே. எங்கே உணவு மீந்துபோகிறது, எங்கே பசி இருக்கிறது என்ற இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீந்த உணவில் உள்ள ஆபத்து

நல்ல மனம் மட்டும் போதாது. சமைத்த சாதத்தைச் சூடு ஆறவிட்டு மணிக்கணக்கில் வெளியே வைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. பிரியாணி, தயிர் சாதம், தேங்காய்ச் சட்னி ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் கிருமிகளுக்கு வசதி. சமைத்த உணவு அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

ஆகவே மண்டபத்தில் செய்ய வேண்டியவை சில. கடைசிப் பந்தி முடியும்வரை காத்திருக்காமல், மீந்துபோகும் என்று தெரிந்ததும் தகவல் கொடுங்கள். அண்டாவில் கைபடாமல் இருப்பதை மட்டும் கொடுங்கள். இலையில் மிஞ்சியதும் பரிமாறிய வாளியில் இருப்பதும் வேண்டாம். சமைத்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் கொடுக்காதீர்கள். நாம் சாப்பிடத் தயங்குவதைப் பிறருக்குக் கொடுப்பது தானமாகாது.

இதற்கும் சட்டம் இருக்கிறது. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் வெளியிட்டது. அப்படி வழங்கும் அமைப்புகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். கெட்டுப்போன உணவு பற்றித் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம்.

அய்யலூரில் தொடங்கலாமா?

அய்யலூருக்குப் பெரிய கிடங்கு வேண்டியதில்லை. விலை விழுந்த நாளில், கொட்டப்போகிற தக்காளியில் நல்லதைப் பிரித்து விடுதிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அனுப்பச் சந்தையில் ஒரு பொறுப்பாளர் போதும். பறிகூலியையும் வண்டி வாடகையையும் ஊர் ஏற்றுக்கொண்டால் விவசாயிக்கும் அது ஆறுதல். மண்டப உரிமையாளர்கள், சமையல் மாஸ்டர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு மீந்த உணவுக்குப் போதும். தெருவாரியாக யார் வீட்டில் அட்டை இல்லை, யார் வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்ற பட்டியலை அந்தக் குழுவே எடுக்கலாம். பட்டியலில் உள்ளவர்களின் மானம் காக்கப்பட வேண்டும். வாங்குபவரைப் புகைப்படம் எடுப்பதும், பெயரைச் சொல்லிப் பரப்புவதும் கூடவே கூடாது.

உணவு வங்கி ரேஷன் கடைக்கு மாற்று ஆகிவிடக் கூடாது. ஒருவருக்கு இன்று ஒரு பொட்டலம் சோறு கொடுத்தால், அவருக்கு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வேடசந்தூர் முகாமுக்கு அழைத்துப் போங்கள். பொட்டலம் இன்றைய பசியைத் தணிக்கும். அட்டை மாதா மாதம் சோறு போடும். இரண்டையும் செய்கிற ஊரில் யாரும் வெறும் வயிற்றோடு தூங்க வேண்டியிருக்காது.